அகச்சிவப்பு வெப்பப் பனல்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவரிலோ கூரையிலோ பொருத்தும் அகச்சிவப்பு மின் வெப்பப் பனல்களைப் பற்றிய அரைப்பக்க விளம்பரம் ஒன்று தங்கள் பத்திரிகையில் சில வாரங்களாகத் தொடர்ந்து வருகின்றது. ‘சூரியனைப் போன்ற இதமான வெப்பம், எரிவாயுவிலும் குறைந்த செலவு, பராமரிப்பே தேவையில்லை’ என்று மூன்று வாக்கியங்கள் அதில் பெரிய எழுத்தில் உள்ளன. இவற்றுள் முதலாவது பாதி உண்மை, மூன்றாவது முழு உண்மை, நடுவில் இருப்பது பிழை. அந்த நடு வாக்கியத்தை நம்பித்தான் மக்கள் காசைக் கொடுக்கப் போகின்றார்கள் என்பதால் இதை எழுதுகின்றேன். யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்து, பின்னர் இலண்டனுக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் மின் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பனல்களில் இரண்டை விலை கொடுத்து வாங்கியிருக்கின்றேன். ஐந்தை வாங்க மறுத்திருக்கின்றேன். ஆகவே இந்தப் பொருளின்மீது எனக்குப் பகை எதுவும் இல்லை.

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு நிறுவனத்தின் சார்பில் இளைஞர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நம்மவர், மரியாதை தெரிந்த பிள்ளை. கொண்டுவந்த வெள்ளைப் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்து மின்னிணைப்பைக் கொடுத்து, பத்து நிமிடம் பொறுத்து, “அங்கிள், கையை நீட்டிப் பாருங்கோ, சூடு வருதெல்லோ?” என்றார். வந்தது. வராமல் எங்கே போகும்? மேற்பரப்பு தொண்ணூறு பாகை செல்சியஸ் அளவில் சூடேறிய பலகைக்கு எதிரே கையை நீட்டினால் சூடு தெரியத்தான் செய்யும். பிறகு அவர் வீடு முழுவதையும் அளந்து, ஐந்து பனல்களும் அவற்றுக்குரிய வயரிங் வேலையும் சேர்த்து 4,700 பவுண் என்று ஒரு தாளில் எழுதினார். எரிவாயுவால் நீரைச் சூடாக்கி வீட்டை வெப்பமூட்டும் பொயிலரைக் கழற்றி எரிவாயு இணைப்பையே துண்டித்துவிடலாம் என்றும், செலவு பாதியாகக் குறையும் என்றும் சொன்னார். அந்தப் பாதி எப்படி வந்தது என்று கேட்டபோது, “இது காற்றைச் சூடாக்காது அங்கிள், ஆட்களைத்தான் சூடாக்கும்” என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் எதுவும் இருக்கவில்லை.

அந்த வாசகத்தில் உள்ள உண்மையை முதலில் சொல்லிவிடுகின்றேன். மார்கழி மாதத்துக் காலையில் ஊரில் முற்றத்துக்கு வந்து வெயிலில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் முதுகில் வெயில் படும்போது உடம்பு இதமாக இருக்கும், ஒரு முகில் சூரியனை மறைத்த மறுகணமே சால்வையைத் தேடுவோம். முகில் மறைத்த அந்த ஒரு கணத்தில் காற்றின் வெப்பநிலை மாறிவிடவில்லை, நம்மீது விழுந்த கதிர்தான் நின்றுபோனது. நாம் உணரும் குளிரும் சூடும் காற்றின் வெப்பநிலையை மட்டும் சார்ந்தவையல்ல. சுற்றியுள்ள சுவர், கூரை, யன்னல் ஆகியவற்றின் வெப்பநிலையையும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சார்ந்தவை. ஆகவே சூடான பலகை ஒன்று நம்மை நேரே பார்த்துக்கொண்டிருந்தால், அறைக் காற்று இரண்டு மூன்று பாகை குறைவாக இருந்தாலும் நாம் குளிரை உணராமல் இருக்க முடியும். இதுவரை விற்பனையாளர் சொல்வது சரி.

ஆனால் அகச்சிவப்புக் கதிர் என்பது ஏதோ அண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட அதிசயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஹரோவிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்லௌ நகரில் வாழ்ந்த வில்லியம் ஹேர்ஷல், சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்து அங்கும் வெப்பம் இருப்பதைக் கண்டது 1800 ஆம் ஆண்டில். சூடான எந்தப் பொருளும் இந்தக் கதிரை வெளியிடுகின்றது. பொயிலரின் வெந்நீர் ஓடும் நம் வீட்டு ரேடியேற்றரும் வெளியிடுகின்றது, தேநீர்க் கோப்பையும் வெளியிடுகின்றது, இதை வாசிக்கும் தாங்களும் வெளியிடுகின்றீர்கள். ரேடியேற்றர் என்ற பெயருக்கே ‘கதிர் வீசுவது’ என்றுதான் பொருள். ஆனால் அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றுக்குத்தான் கொடுக்கின்றது. பனலிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. அறுபது சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள 600 வாற்றுப் பனலை எடுத்துக்கொள்வோம். அதன் முகம் தொண்ணூறு பாகையிலும் அறை இருபது பாகையிலும் இருக்கும்போது, முன்பக்கத்தால் கதிராக வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 320 வாற்று. பாடசாலையில் படித்த சூத்திரத்தைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். மீதி, உரசிச் செல்லும் காற்றுக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் போகின்றது. கூரையில் பொருத்தினால் காற்றுக்குப் போகும் பங்கு குறையும். எப்படியிருந்தாலும் ‘காற்றைச் சூடாக்காது’ என்பது முழுமையான உண்மை அல்ல.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் அலகு (ஒரு கிலோவாற்று மணி) மின்சாரத்தை எந்த மின் ஹீற்றரில் செலவிட்டாலும், அது இருபது பவுண் பெறுமதியான விசிறி ஹீற்றராக இருந்தாலும் ஐந்நூறு பவுண் பெறுமதியான கண்ணாடி முகப் பனலாக இருந்தாலும், கிடைப்பது ஓர் அலகு வெப்பமே. அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை, குறைவும் இல்லை. ‘நூறு சதவீத வினைத்திறன்’ என்று விளம்பரத்தில் போடுவது பொய்யல்ல. கடையில் உள்ள எல்லா மின் ஹீற்றருக்கும் பொருந்தும் ஒன்றை ஒரு பொருளின் தனிச் சிறப்பாகக் காட்டுவதே அதில் உள்ள தந்திரம்.

பிரித்தானிய ஆற்றல் ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் அறிவித்த விலை வரம்பின்படி 2025 ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான காலத்தில் ஓர் அலகு மின்சாரம் சராசரியாக 26.35 பென்ஸ், ஓர் அலகு எரிவாயு 6.29 பென்ஸ் என்று இருந்தன. அதாவது மின்சாரம் நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். பொயிலர் எரிவாயுவை முழுவதுமாக வெப்பமாக்கித் தருவதில்லை, கொஞ்சம் புகைக்குழாய் வழியே போய்விடும். ஓரளவு நல்ல நிலையில் உள்ள பொயிலருக்கு 88 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஓர் அலகு வெப்பத்தின் விலை 7.15 பென்ஸ். பனலில் அதே வெப்பத்தின் விலை 26.35 பென்ஸ். ஓராண்டில் எட்டாயிரம் அலகு வெப்பம் தேவைப்படும் ஒரு நடுத்தர வீட்டுக்கு எரிவாயுவில் 572 பவுண் ஆகும். பனல்களில் 2,108 பவுண் ஆகும். செலவைப் பாதியாக்கும் என்று சொல்லப்பட்ட பொருள் அதைக் கிட்டத்தட்ட நான்கு மடங்காக்குகின்றது.

இல்லை, ஆட்களைச் சூடாக்குவதால் காற்றின் வெப்பநிலையைக் குறைக்கலாமே, அந்தச் சேமிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராளமாகவே சேர்த்துப் பார்ப்போம். குளிர்காலத்தில் வெளியே சராசரியாக ஏழு பாகை, உள்ளே இருபது பாகை என்றால் வித்தியாசம் பதின்மூன்று. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. பனல்களின் புண்ணியத்தால் உள்ளே பதினேழு பாகையே போதுமென்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் பத்தாகும். இழப்பு நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். அப்போது 2,108 என்பது ஏறத்தாழ 1,620 பவுண் ஆகும். மறுபக்கத்தில், எரிவாயு இணைப்பை அறவே நீக்கினால் நாளொன்றுக்கு அப்போது 34 பென்ஸ் அளவில் இருந்த நிலையான கட்டணம் மிச்சம் என்பதையும் பனலுக்குச் சாதகமாகவே எழுதுவோம். எரிவாயு வீட்டின் செலவில் அந்த 124 பவுணையும் கூட்டினால் 696 பவுண். இத்தனை சலுகையும் கொடுத்த பின்னரும் பனல் வீடு இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கின்றது. குளிக்கும் வெந்நீரை எதில் சூடாக்குவது என்ற கேள்வியை நான் இன்னும் தொடவே இல்லை; அந்த இளைஞரின் தாளிலும் அது இருக்கவில்லை.

விற்பனையாளர்கள் கையில் வைத்திருக்கும் ஆதாரம் ஒன்று உண்டு. ஜேர்மனியின் கைசர்ஸ்லவுற்றேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் பீற்றர் கோசாக், 2008–2009 குளிர்காலத்தில் ஒரு பழைய வீட்டில் எரிவாயு வெப்பமூட்டலையும் அகச்சிவப்பு வெப்பமூட்டலையும் ஒப்பிட்டு அளந்தார். ஒரு சதுர மீற்றருக்கு எரிவாயுவில் ஏறத்தாழ 188 அலகும் அகச்சிவப்பில் ஏறத்தாழ 71 அலகும் செலவானதாக அவருடைய அறிக்கை சொல்கின்றது. ‘பல்கலைக்கழகமே நிரூபித்துள்ளது’ என்று ஐரோப்பா முழுவதும் விளம்பரங்களில் அடிபடுவது இதுதான். ஒரு வீட்டில் ஒரு குளிர்காலம் அளந்ததை எல்லா வீட்டுக்கும் விதியாக்க முடியாது என்பதை விட்டுவிடுவோம். அந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே சொன்ன பிரித்தானிய விலையால் பெருக்கிப் பாருங்கள். எரிவாயுவுக்குச் சதுர மீற்றருக்கு 11 பவுண் 82 பென்ஸ். அகச்சிவப்புக்கு 18 பவுண் 71 பென்ஸ். பனலுக்கு மிகவும் சாதகமான அளவீட்டின்படி கூட, அலகு குறைந்ததே தவிரச் செலவு குறையவில்லை. இந்தப் பெருக்கலை எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் நான் கண்டதில்லை.

மின்சாரத்தையே நம்பி வீட்டைச் சூடாக்க வேண்டும், எரிவாயுவிலிருந்து விலக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஹீற் பம்ப் என்றொரு வழி இருக்கின்றது. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக் காற்றில் உள்ள வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருகின்றது. அதனால் ஓர் அலகு மின்சாரத்துக்குச் சுமார் மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். மேலே சொன்ன எட்டாயிரம் அலகு வீட்டுக்கு அதில் ஏறத்தாழ 700 பவுண் ஆகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு 7,500 பவுண் அரச மானியமும் உண்டு. அகச்சிவப்புப் பனலுக்கு அந்த மானியம் கிடையாது. ஹீற் பம்ப் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே வைக்க இடம் வேண்டும், பெரிய ரேடியேற்றர்கள் வேண்டும், ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் 4,700 பவுண் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர், பனலையும் பொயிலரையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்தக் கூடாது.

செலவை விட்டுவிட்டுச் சுகத்தைப் பார்ப்போம். வெயிலுக்குச் சொன்ன உவமையே இங்கும் பொருந்தும்: முகத்தில் வெயில் பட்டால் முதுகில் படாது. சோபாவின் பின்புறம் பனல் இருந்தால் அதன் பயன் சோபாவுக்கே. மேசைக்கு மேலே கூரையில் பொருத்தினால் தலை சூடாகும். மேசைக்கு அடியில் கால் விறைக்கும். சூடான கூரை மனிதருக்கு எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை ஆராய்ந்து, கூரைக்கும் தரைக்கும் இடையிலான கதிர்வெப்ப வேறுபாடு ஐந்து பாகைக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 7730 என்ற சர்வதேசத் தர விதியே வரம்பு வைத்துள்ளது. சூடான சுவருக்கு உள்ள வரம்பு இதைவிடப் பல மடங்கு தாராளமானது. யன்னலுக்கு நேரே பொருத்துவது இன்னொரு பிழை. இந்தக் கதிர் கண்ணாடியை ஊடுருவாது என்றாலும், கண்ணாடி அதை விழுங்கிச் சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். ‘எங்கும் பொருத்தலாம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எழுதியவர் எங்கும் பொருத்திப் பார்க்கவில்லை என்றே தோன்றுகின்றது.

பூஞ்சணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் அது பெரிய தொல்லை. நாள்தோறும் சோறு வடிப்போம், இடியப்பமும் பிட்டும் அவிப்போம், மழைக்காலத்தில் உடுப்புகளை உள்ளேயே காயப்போடுவோம். அந்த நீராவி முழுவதும் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையைத் தேடிப் போய்ப் படியும். பனல் நேரே பார்க்கும் சுவர் சற்றுச் சூடாகி உலரும் என்பது உண்மை. பூஞ்சணம் பிடிப்பதோ அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வெளிச்சுவர்கள் இரண்டு சந்திக்கும் மூலையில். அங்கெல்லாம் கதிர் போவதில்லை. பனலை நம்பி அறைக் காற்றைக் குளிர விட்டால், அதே அளவு நீராவிக்கு ஈரப்பதன் இன்னும் கூடும். நீராவியை வெளியே தள்ளும் விசிறியும், சமைக்கும்போது பானையை மூடும் பழக்கமும், யன்னலைத் திறந்து காற்று மாற்றுவதும்தான் அதற்கு மருந்து. கவுன்சில் வீடுகளிலும் வீடமைப்புச் சங்க வீடுகளிலும் குடியிருப்பவர்கள் இதற்காகத் தம் காசில் பனல் வாங்கவே தேவையில்லை. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்துள்ள அவாப் சட்டம், ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாட்டைக் குறித்த நாட்களுக்குள் ஆராய வேண்டிய பொறுப்பை அந்த வீட்டு உரிமையாளர்கள்மீதே சுமத்துகின்றது.

அப்படியானால் நான் ஏன் இரண்டு பனல்களை வாங்கினேன்? எங்கள் வீடு 1930களில் கட்டப்பட்டது. பின்பக்கம் முன்னிருந்தவர்கள் சேர்த்துக் கட்டிய சிறிய அறை ஒன்று உண்டு. அங்கே ரேடியேற்றர் கிடையாது, மூன்று பக்கமும் வெளிச்சுவர். மாலையில் என் மனைவி அங்கிருந்துதான் தைக்கிறார். முன்பு இரண்டு கிலோவாற்று விசிறி ஹீற்றர் ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். அறை முழுவதையும் சூடாக்க முயன்று தோற்றுக்கொண்டும் இருக்கும். அதற்குப் பதிலாக 600 வாற்றுப் பனல் ஒன்றை அவருடைய கதிரைக்குப் பக்கவாட்டில் சுவரில் பொருத்தினேன். ஜனவரி மாதத்துக் குளிரில் மாலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை அது எடுத்த மின்சாரத்தைச் செருகியில் மாட்டும் சிறு மீற்றரால் அளந்தேன்: 2.6 அலகு, மேலே சொன்ன விலையில் ஏறத்தாழ 69 பென்ஸ். அறை சூடாகவில்லை, ஆனால் அவருக்குக் குளிரவில்லை. ஒருவர், ஓரிடம், சில மணி நேரம் என்ற நிலையில் இந்தப் பொருள் தன் கடமையைச் செய்கின்றது. இதையும் விடச் சிக்கனமானது நூறு வாற்று மின் போர்வை. ஐந்து மணி நேரத்துக்கு 13 பென்ஸ்தான். அதைச் சொன்னபோது, “போர்வைக்குள்ள இருந்துகொண்டு எப்பிடித் தைக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

மற்றது குளியலறையில் உள்ள 350 வாற்றுக் கண்ணாடிப் பனல். காலையும் மாலையும் அரை மணி நேரம் நேரக் கட்டுப்பாட்டில் ஓடுகின்றது. நாளுக்கு ஒன்பது பென்ஸ். வீடு முழுவதற்கும் பொயிலரை எழுப்பாமல் ஈர உடம்போடு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தை அது தாங்கிக்கொள்கின்றது, கண்ணாடியில் நீராவி படிவதும் இல்லை. 230 பவுண் கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. எரிவாயு இணைப்பே இல்லாத மாடிக் குடியிருப்புகளில் உள்ளவர்களுக்கும் பழைய மின் ஹீற்றர் பழுதானால் அதனிடத்தில் பனல் வைப்பது தவறான முடிவல்ல. ஓர் அலகுக்கு ஓர் அலகுதான், இடம் மிச்சம், சத்தமில்லை. ஆனால் இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலையில் மின்சாரம் பெற்று, செங்கற்களில் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் பழைய ஸ்ரோறேஜ் ஹீற்றர்களைக் கழற்றிவிட்டுப் பனல் போடுபவர்கள் அவசரப்பட வேண்டாம். பனலுக்கு வெப்பத்தைச் சேமிக்கத் தெரியாது. அது வேலை செய்ய வேண்டிய நேரம் மாலை ஐந்து முதல் பத்து வரை. மின்சாரம் மலிவாக இல்லாத நேரமும் அதுவே. கூரையில் சூரியப் பனல் இருப்பதால் வெப்பப் பனல் இலவசமாக ஓடும் என்று நினைப்பவர்கள், இலண்டனில் டிசெம்பர் மாதத்தில் சூரியப் பனல் தருவது ஜூன் மாதத்தில் தருவதில் ஒரு சிறு பங்கே என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த விளம்பரத்தில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய பகுதி, அடியில் சிறிய எழுத்தில் வீட்டு உரிமையாளர்களுக்கென்று எழுதியிருந்த வரி. வாடகை வீடுகளில் இதைப் பொருத்தினால் ஆண்டுதோறும் எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை, பொயிலர் பழுதுபார்க்கும் செலவும் இல்லை என்கின்றது அது. முழு உண்மை. நம் சமூகத்தில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் நிறையப் பேர் இருக்கின்றார்கள். அவர்களில் பலர் என் நண்பர்கள். பொயிலருக்கான செலவு உரிமையாளருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது என்ற ஏற்பாட்டில், பனல் பொருத்துவதால் மிச்சமாகும் சில நூறு பவுண் ஒருவர் பையிலும், கூடப்போகும் ஆயிரம் பவுண் இன்னொருவர் தலையிலும் விழுகின்றது. முன்கட்டண மீற்றருக்குக் காசு போட முடியாமல் பனலை அணைத்துவிட்டுப் படுக்கும் குடும்பத்துக்கு, ‘நூறு சதவீத வினைத்திறன்’ என்ன ஆறுதலைத் தரும்? உரிமையாளர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. எரிவாயுவை எடுத்துவிட்டு நேரடி மின்வெப்பத்துக்கு மாறினால் வீட்டின் ஆற்றல் சான்றிதழில் தரம் இறங்குவது வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஈ’ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை, விதிவிலக்குப் பெறாமல், வாடகைக்கு விட முடியாது.

வாங்கத்தான் போகின்றேன் என்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சுவரில் நிலையாகப் பொருத்தும் அறை ஹீற்றர்கள் தகுந்த கட்டுப்பாட்டுக் கருவியோடு விற்கப்பட வேண்டும் என்ற விதி 2018 முதல் உள்ளது. தேர்மோஸ்ரற் தனிவிலை என்று சொல்பவரிடம் இதை நினைவூட்டலாம். குளியலறையில் பொருத்துவதற்கு நீர்த்தெறிப்பைத் தாங்கும் வகையே வேண்டும், அதைப் பதிவுபெற்ற மின்வேலையாளரைக் கொண்டு செய்விப்பதே நல்லது. மச்சான் வயரிங் வேலை தெரிந்தவர் என்பது போதாது. உங்கள் வீட்டுக்கு ஓராண்டில் எத்தனை அலகு மின்சாரம் ஆகும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘செலவு பாதி’ என்பதை எழுதித் தரத் தயங்காதவர், அலகை எழுதித் தரச் சொன்னதும் தொலைபேசியில் அலுவலகத்தை அழைக்கத் தொடங்குவார். வீட்டுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்து வைத்துவிட்டால், பொதுவாகப் பதினான்கு நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. கையெழுத்து வைத்தவர்கள் முதியவர்களாக இருந்தால் பிள்ளைகள் அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பார்ப்பது நல்லது.

பொயிலர் வைத்திருப்பவர்களுக்குச் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கின்றது. ரேடியேற்றருக்குப் போகும் நீரின் வெப்பநிலையை எழுபத்தைந்து எண்பது என்று பலர் வீட்டில் வைத்திருக்கின்றார்கள். அதை அறுபதாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்தால், திரும்பி வரும் நீர் ஐம்பத்தைந்து பாகைக்குக் கீழே இறங்கி, புகையில் போகும் நீராவியின் வெப்பத்தையும் பொயிலர் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 2005 முதல் பொருத்தப்பட்ட பெரும்பாலான பொயிலர்கள் இதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. நாம்தான் அந்த வேலையைச் செய்ய விடுவதில்லை. தனித் தாங்கியில் வெந்நீர் சேமிப்பவர்கள் மட்டும் அந்த நீரின் வெப்பநிலையை அறுபதுக்குக் கீழே இறக்கக் கூடாது, கிருமி வளரும். கூரைக்கு அடியில் உள்ள வெப்பக் காப்பு 270 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கின்றதா என்று ஒருமுறை ஏறிப் பார்ப்பதும், வாசற்கதவின் இடுக்கை அடைப்பதும் ஐந்து பனல்களைவிட அதிகப் பயன் தரும். இவற்றுக்கு அரைப்பக்க விளம்பரம் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, விளம்பர வருமானம் இல்லாமல் ஒரு தமிழ்ப் பத்திரிகையை இந்த நாட்டில் நடத்த முடியாது என்பதை அறியாதவனல்ல நான். அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவும் இல்லை. ‘எரிவாயுவிலும் குறைந்த செலவு’ என்ற வரிக்கு ஆதாரமான கணக்கை, எந்த விலையில், எந்த வீட்டுக்கு, எத்தனை அலகு என்று விளம்பரதாரரிடம் கேட்டுப் பெற்று, அதை இதே பக்கத்தில் பிரசுரிக்குமாறு வேண்டுகின்றேன். தர இயலாதென்றால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம். என் கணக்கில் பிழை இருப்பதாக அவர்கள் காட்டினால் அதையும் வெளியிடுங்கள். திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கின்றேன். பனலுக்கு எதிரே கையை நீட்டிப் பார்க்க அந்த இளைஞர் மீண்டும் வந்தாலும் வரவேற்பேன். இம்முறை அவர் எங்கள் மின் மீற்றரையும் கூடவே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பராமரிப்பாளர் ஒருவர்,
ஹரோ, வடமேற்கு இலண்டன்.